பதினேழு சதவீதம்

இந்த ஈரமானிக்கு வயல் தெரியாது.
ஒரு கைப்பிடி நெல் கேட்கும்,
சிவப்பில் ஒரு எண் காட்டும்,
அணைந்துவிடும்.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதும் எனக்கும்
அதற்கு மேல் அதிகாரமில்லை.

காலை பத்தே கால்.
தையல்நாயகியின் நெல்லுக்குப்
பத்தொன்பது புள்ளி எட்டு.
பதினேழைத் தாண்டினால் சாக்கு தரக்கூடாது.
"காயவச்சுக் கொண்டாங்கக்கா."
"எதுல தம்பி?"
கோபமில்லை,
சில்லறை கேட்பதுபோலக் கேட்டார்.

தை இருபத்திரண்டு.
இந்நேரம் பனி விலகித்
திருத்துறைப்பூண்டிச் சாலை
பாதி நெல்லுக்கும் பாதி பேருந்துக்குமாக இருக்க வேண்டும்.
ஐந்தாவது நாளாகத் தூறுகிறது.
செல்பேசியில் ஒரு வரி:
மிதமான மழைக்கு வாய்ப்பு.
வாய்ப்பு என்ற சொல்லை
எங்கள் பக்கம் வேறெதற்கும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆடியில் பட்டம் தேடுவார்கள்.
அவர் ஆடியையே தேடினார்.
மேட்டூர் திறந்து ஒரு மாதம் கழித்துக்
கடைமடைக்கு வந்த தண்ணீர்
வாய்க்காலின் நடுவே ஓர் ஈரக்கோடு.
புழுதியில் தெளித்தார்.
எறும்பு தின்றதுபோக முளைத்ததை
ஐப்பசியில் மூன்றே நாளில் பெய்த ஒரு மாத மழை
முள்ளியாற்றோடு கூட்டிப் போனது.
அடகுக்கடையில் சீட்டின்மேல் சீட்டு எழுதிக்
கோட்டூரில் நாற்று வாங்கி மறுபடி நட்டார்.
கார்த்திகைக்கு அடைமழை என்று
வடிகால் வெட்டிக் காத்திருந்தால்
கார்த்திகை வயலில் வெடிப்பு விட்டது.
இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்ததில்லை.
வரிசை நீளம்.
வரிசையில் நிற்பவர்கள்
யாரிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

கதிர் தலைசாய்ந்ததும்
உளுந்து தூவியிருக்கிறார்,
அறுப்புக்கு எட்டு நாள் முன்பு, மெழுகு பதத்தில்.
ஆத்தூர் வண்டி வந்த அன்றே மழையும் வந்தது.
டயர் வண்டி இறங்காது.
செயின் வண்டிக்கு மணிக்கு இரண்டாயிரத்து எழுநூறு.
படுத்துவிட்ட பயிர்,
ஒரு மணி நேர வேலை இரண்டரை ஆனது.
ஓட்டிவந்த பையன்
கடிகாரத்தைப் பார்க்காமல் கதிரைப் பார்த்து ஓட்டினானாம்.
அதைச் சொல்லும்போது மட்டும்
குரல் கொஞ்சம் இளகியது.

இரவு அவர் குவியலின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன்.
ஆவி.
கைவைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி.
அடியில் வெள்ளை வெள்ளையாய் முளை,
புழுதியில் கெஞ்சியும் வராத முளை.

பதினாறு புள்ளி ஒன்பது என்று எழுதியிருக்கலாம்.
நான் பருவகால ஆள்.
கிடங்கில் எடை குறைந்தால்
என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
இது காரணம்தான்.
காரணம் என்று தெரிந்தும்
தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை ஒரு வியாபாரி சின்ன யானையில் வந்தார்.
அவரிடம் ஈரமானி இல்லை.
பல்லில் ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்து
மூட்டைக்கு இருநூற்றைம்பது குறைத்தார்.
இருபது வரை எடுக்கலாம் என்ற உத்தரவு
வியாழக்கிழமை வந்தது.
வெயிலும் அன்றுதான் வந்தது,
ஒன்றும் நடக்காததுபோல, அது பாட்டுக்கு.

நேற்று அவர் வயல் வழியாகப் போனேன்.
செயின் பதிந்த தடங்களில்
தண்ணீர் நின்று நாறுகிறது.
தடத்துக்கும் தடத்துக்கும் இடையில்
உளுந்து இரண்டு இலை விட்டிருக்கிறது.
தையல்நாயகி ஒரு குண்டானால்
தடத்து நீரை மொண்டு வாய்க்காலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.
நான் வண்டியை நிறுத்தியதும் நிமிர்ந்தார்.
"போன்ல என்னா போட்டுருக்கு, தம்பி?"

எடுத்துப் பார்த்தேன்.
"சார்ஜ் இல்லக்கா" என்றேன்.
சட்டைப் பைக்குள் போட்ட பிறகும்
அது ஒளிர்ந்துகொண்டிருந்தது.
அவர் குனிந்து
அடுத்த குண்டான் மொண்டார்.